முழங்கால் ஜவ்வை அச்சடித்து வைப்பார்களாமே, அம்மாவுக்கு ஆகுமா?

தலைஞாயிறு மகன் | ஞாயிறு, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

அம்மாவுக்கு 61 வயது. கல்யாணத்துக்கு முன்னாலேயே நடவுக்குப் போனவர். முப்பத்தைந்து வருஷம் சேற்றில் குனிந்து நட்ட கால். இப்போது வலது முழங்கால் காலையில் மடங்க மாட்டேன் என்கிறது. எழுந்ததும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, முட்டியை உள்ளங்கையால் நாலு தடவை தேய்த்துவிட்டு, அப்புறம்தான் அடி எடுத்து வைக்கிறார். நடக்கும்போது உள்ளே நறநறவென்று உரசுவது பக்கத்தில் நிற்கும் எனக்கே கேட்கிறது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஜவ்வு தேய்ந்துவிட்டது என்றார்கள்.

போன வாரம் பக்கத்து ஊரில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். பெயர் வேண்டாம். வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து முட்டியில் போட்டால் புது ஜவ்வே வளர்ந்துவிடும், வெளிநாட்டில் 3டி பிரிண்டரில் அச்சடித்து வைக்கிறார்களே, அதே தொழில்நுட்பம்தான் இது என்று வண்ணப்படம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு முட்டிக்கு 1,60,000 ரூபாய். வெள்ளிக்கிழமைக்குள் பாதியைக் கட்டச் சொல்கிறார்கள். வீட்டில் இருப்பது அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி ஒன்றுதான். அதை அடகு வைக்கலாமா என்று இரண்டு நாளாக யோசனை.

உயிருள்ள சதையை, ஜவ்வை அச்சடிப்பது நிஜமாகவே நடக்கிறதா? நடந்தால் அம்மாவுக்கு ஆகுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மன்னார்குடி பிசியோ | ஞாயிறு, இரவு 10:15

தம்பி, சங்கிலியைக் கழற்ற வேண்டாம். மற்றதைப் பொறுமையாகப் பேசுவோம்.

அந்தக் கிளினிக்கில் இதைக் கேளுங்கள். நீங்கள் போடுவது அனுமதி பெற்ற மருந்தா, ஆராய்ச்சியா? மருந்து என்றால் அதன் பெயரையும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியையும் காட்டட்டும். ஆராய்ச்சி என்றால், மருத்துவச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயின் பதிவு எண் இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளின்படி, ரத்தம் தொடர்பான நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்றுதான் நிலைபெற்ற ஸ்டெம் செல் சிகிச்சை. அனுமதி வாங்காத மற்ற எல்லாமே ஆராய்ச்சிதான். ஆராய்ச்சிக்கு வருபவரிடம் அந்தச் சிகிச்சைக்குக் காசு கேட்கக் கூடாது.

முழங்கால் தேய்மானத்துக்கென்று அனுமதி பெற்ற செல் ஊசி ஒன்று 2022-இல் நம் நாட்டில் வந்திருக்கிறது. அது நன்கொடையாளர்களின் எலும்பு மஜ்ஜைச் செல்லைத் தொழிற்சாலையில் வளர்த்துத் தயாரிக்கும் மருந்து. நடுத்தரமான தேய்மானத்துக்குத்தான். வயிற்றுக் கொழுப்பை அங்கேயே உறிஞ்சி அங்கேயே முட்டியில் போடுவதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அச்சடிப்புக்கும் சம்பந்தம் கிடையாது.

இந்த மாதிரித் தாளோடு எங்களிடம் வருகிறவர்கள் அநேகமாகக் கூலி வேலை செய்கிற குடும்பம். அதைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

வெண்ணாற்றங்கரை | திங்கள், காலை 6:50

அண்ணா, நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஆராய்ச்சி மாணவி, மூன்றாம் ஆண்டு. என் வேலையே குருத்தெலும்பை அச்சடிக்கப் பார்ப்பதுதான். நீங்கள் ஜவ்வு என்று சொல்வதில் முக்கியமான பங்கு இந்தக் குருத்தெலும்புக்கு. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நிஜமாகவே நடக்கிறது. 2003-இல் அமெரிக்காவில் தாமஸ் போலண்ட் என்பவர் சாதாரண மேசை பிரிண்டரைக் கொஞ்சம் மாற்றி, மைக்குப் பதிலாகச் செல் கலந்த திரவத்தைத் தெளித்துக் காட்டினார். இப்போது ஆய்வகங்களில் பெரும்பாலும் இருப்பது வேறு மாதிரி. நம் வீட்டு முறுக்கு அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். நாழிக்குள் மாவு, மேலிருந்து அழுத்தம், கீழே ஓட்டை. அதேதான். நாழிக்குப் பதில் சிரிஞ்சு, ஓட்டைக்குப் பதில் கால் மில்லிமீட்டர் ஊசி, கைக்குப் பதில் காற்றழுத்தம். எங்கே பிழிய வேண்டும் என்பதைக் கணினி சொல்லும்.

மாவு பதம்தான் எல்லாமே. கெட்டியாக இருந்தால் பிழியப் பிழிய உள்ளே இருக்கும் செல் நசுங்கிச் சாகும். தளர்ந்திருந்தால் விழுந்த இடத்தில் பரவி உருவம் போய்விடும். ஊசிக்குள் போகும்போது இளகி, வெளியே வந்ததும் நின்று பிடிக்கிற கூழ் வேண்டும். அதைத்தான் உயிர்மை, அதாவது உயிருள்ள மை என்கிறோம். நான் பயன்படுத்துவது பட்டுப்புரதமும் ஜெலட்டினும் சேர்ந்த கலவை. இளந்தேன் நிறத்தில் இருக்கும். அதில் ஒரு மில்லிக்கு ஒரு கோடி ஸ்டெம் செல் கலப்பேன். கலந்தபிறகு பார்த்தால் லேசாகக் கலங்கியிருக்கும், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம். ஒரு சென்டிமீட்டர் சதுரம், எட்டு அடுக்கு, பாய் பின்னிய மாதிரிக் குறுக்கும் நெடுக்கும் கோடு. பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

முடிந்தது என்று சொன்னேன், ஆனால் அங்கேதான் வேலை ஆரம்பம். அச்சடித்த அன்றைக்கு அது குருத்தெலும்பு கிடையாது, செல் கலந்த கூழ். நாற்று விட்டிருக்கிறோம், அவ்வளவுதான். 37 டிகிரி சூட்டில், சத்து நீரில் போட்டு, நீ குருத்தெலும்பாக மாறு என்று செல்லுக்குச் சொல்கிற வளர்ச்சிப் புரதத்தையும் கொடுத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை நீர் மாற்றி, மூன்று நான்கு வாரம் காக்க வேண்டும். ஸ்டெம் செல் என்பது இன்னும் எந்த வேலைக்கும் போகாத செல். சொல்லிக் கொடுத்தால் குருத்தெலும்பாகும், எலும்பாகும், கொழுப்பாகும். சிக்கலும் அதில்தான். குருத்தெலும்பாக வந்துகொண்டிருக்கும்போதே சில செல்கள் வழி மாறி எலும்பாகப் போகத் தொடங்கும். முட்டிக்குள் அது நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

அம்மாவுக்கு ஆகுமா என்ற கேள்விக்கு மாலையில் வந்து எழுதுகிறேன். இப்போது நீர் மாற்றும் நேரம்.

திருபுவனம் சாயப்பட்டறை | திங்கள், காலை 11:20

பட்டு என்று பார்த்ததும் நின்றுவிட்டேன். நாங்கள் மூன்று தலைமுறையாகப் பட்டு நூலை வேகவைத்துச் சாயம் போடுகிற குடும்பம்.

பச்சைப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்தால்தான் மேலே இருக்கும் பசை போகும். கிலோ போட்டால் முக்கால் கிலோ சொச்சம்தான் திரும்பி வரும். பசை இருக்கும்வரை நூல் விறைப்பாக, மங்கலாக இருக்கும். போனபிறகுதான் அந்த மின்னல். கடைசியில் புளிப்புத் தண்ணீரில் அலசி, பிழிந்து, கையில் இறுக்கிப் பிடித்தால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் அப்பா தலையாட்டுவார், சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

நீங்களும் இதைத்தான் செய்கிறீர்களா அம்மா? உடம்புக்குள் வைக்கிற பொருளுக்கு ஏன் பட்டு? தறியில் கழிந்துபோகும் நூல் எங்களிடம் மூட்டை கணக்கில் கிடக்கிறது, அது உதவுமா?

வெண்ணாற்றங்கரை | திங்கள், மாலை 7:05

அண்ணே, நீங்கள் செய்வதேதான். சோப்பு மட்டும் சேர்க்க மாட்டோம். வெட்டிய பட்டுக்கூட்டை லிட்டருக்கு இரண்டு கிராம் சோடா போட்ட தண்ணீரில் அரைமணி நேரம் கொதிக்கவைப்போம். நீங்கள் பசை என்பது செரிசின், மிஞ்சுகிற நூல் ஃபைப்ரோயின். செரிசின் சேர்ந்த பட்டை உடம்பு ஏற்றுக்கொள்ளாமல் வீங்கிய அனுபவம் மருத்துவத்தில் உண்டு, அதனால் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். ஆனால் நேரம் தாண்டிக் கொதித்தால் ஃபைப்ரோயின் சங்கிலியே துண்டு துண்டாகிவிடும், கூழ் நிற்காது. முதல் வருஷம் பாதி இந்தத் தப்பிலேயே எனக்குப் போனது.

அப்புறம் அந்த வெள்ளைப் பஞ்சை லித்தியம் புரோமைடு கரைசலில் 60 டிகிரியில் நாலு மணி நேரம் வைத்தால் கண் முன்னால் கரைந்து காணாமல் போகும். அவ்வளவு உறுதியான நூல் பாகு மாதிரி ஓடும். பிறகு இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி அந்த உப்பை வெளியே எடுக்க வேண்டும்.

ஏன் பட்டு என்றால், அறுவை சிகிச்சையில் தையல் போடப் பட்டு நூல் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. உறுதியும் உண்டு, உடம்பில் மெள்ளத்தான் கரையும். குருத்தெலும்பு தன் சொந்தக் காலில் நிற்கும்வரை சாரம் கட்டி நிற்க அப்படி ஒரு பொருள் வேண்டும். டெல்லி ஐஐடியில் சௌரப் கோஷ் குழுவும், குவாஹாத்தி ஐஐடியில் பிமன் மண்டல் குழுவும் பட்டை வைத்துத் திசு வளர்ப்பதில் நிறையச் செய்திருக்கிறார்கள். நான் படித்தே வளர்ந்தது அவர்கள் கட்டுரைகளைத்தான்.

இன்னொன்று சொன்னால் வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியும். இந்தக் கூழை இறுகவைக்க ஒரு முறை, காளானிலிருந்து எடுக்கும் டைரோசினேஸ் என்ற நொதி. வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறதே, அந்த இனத்தைச் சேர்ந்த நொதிதான். அது பட்டையும் ஜெலட்டினையும் ஒன்றோடொன்று கோத்துவிடும். செல்லுக்கு நோகாது.

கழிவு நூலைப் பற்றி: எண்ணெய், சாயம் பட்ட நூலை நான் தொட மாட்டேன். சாயம் ஏறாத பச்சை நூல் துண்டு இருந்தால் கூட்டுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று சோதித்துப் பார்க்க எனக்கே ஆசை. உள்பெட்டியில் எழுதுங்கள் அண்ணே.

நாகூர் கடற்காற்று | திங்கள், இரவு 8:30

எங்கள் வாப்பாவுக்கும் இதே முட்டிவலி, அதனால் தொடர்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். தங்கச்சி, ஜெலட்டின் என்கிறீர்களே, அது எதிலிருந்து எடுப்பது? எங்களுக்கு இது முக்கியம். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெண்ணாற்றங்கரை | திங்கள், இரவு 9:10

தப்பே இல்லை அண்ணா, ஆய்வகத்தில் யாரும் கேட்காத, கேட்க வேண்டிய கேள்வி. ஆய்வகங்களில் வாங்கும் ஜெலட்டின் பெரும்பாலும் பன்றித் தோல், இல்லையென்றால் மாட்டுத் தோல், எலும்பு. மீன் தோலிலிருந்தும் எடுக்கலாம். குளிர்கடல் மீனின் ஜெலட்டின் சீக்கிரமே இளகிவிடுவதால் அச்சில் நிறுத்துவது சிரமம், ஆனால் வேதிமுறையில் மாற்றி, ஒளி பட்டால் இறுகும்படி செய்து பயன்படுத்துகிறார்கள்.

விலங்கே வேண்டாம் என்றால் கடற்பாசி இருக்கிறது. பழுப்புப் பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட்டைச் சுண்ணாம்புச் சத்துள்ள கால்சியம் குளோரைடு நீரில் சொட்டினால் சொட்டியபடியே உருண்டையாக இறுகும். அச்சடிக்க இதைவிட எளிதான பொருள் கிடையாது. ராமேசுவரம், மண்டபம் பக்கம் கட்டக்கோரை என்று பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கிறார்களே, அந்த வகைப் பாசிதான். ஆனால் ஆல்ஜினேட்டுக்குள் செல் உயிரோடு இருக்குமே தவிர, கால் ஊன்றாது. செல் பிடித்துக்கொள்ள அதில் கொக்கி கிடையாது. அதனால்தான் ஜெலட்டினோ, தோலிலும் எலும்பிலும் இருக்கும் நார்ப் புரதமான கொலாஜனோ கொஞ்சம் சேர்க்கிறோம்.

சிகிச்சையாகவே வந்துவிட்ட ஒன்றும் இருக்கிறது. நோயாளியின் குருத்தெலும்புச் செல்லை எடுத்து வளர்த்து, பன்றிக் கொலாஜன் சவ்வில் வைத்து முட்டியில் ஒட்டுவது. அமெரிக்காவில் 2016-இல் அனுமதி கிடைத்தது. எந்தச் சிகிச்சையானாலும் வாப்பாவுக்குச் செய்வதற்கு முன்பே மருத்துவரிடம் பொருள் எதிலிருந்து என்று கேட்டுவிடுங்கள்.

வேதாரண்யம் இறால் | செவ்வாய், காலை 7:15

இறால் ஓட்டிலிருந்து ஏதோ எடுக்கலாம் என்கிறார்களே, அதுவும் இதில் வருமா? எங்கள் பக்கம் தலையும் ஓடும் குவிந்து நாறிக் கிடக்கிறது.

வெண்ணாற்றங்கரை | செவ்வாய், காலை 8:00

வரும். ஓட்டை அமிலத்தில் போட்டுச் சுண்ணாம்பை நீக்கி, அப்புறம் கடும் காரத்தில் காய்ச்சினால் கைட்டோசன். ரத்தம் நிறுத்தும் காயக்கட்டுகளில் ஏற்கெனவே இருக்கிறது. அச்சுக்கு ஒரு தொல்லை: புளித்த நீரில்தான் கரையும், செல்லுக்குப் புளிப்பு ஆகாது. ஒரு விஷயம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாசியோ ஓடோ பட்டோ, கரையில் கிடைக்கும் விலைக்கும் செல்லோடு கலக்கும் தரத்துக்கு ஆகும் விலைக்கும் நடுவில் இருப்பது முழுக்கச் சுத்திகரிப்பு. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா நச்சு ஒரு துளி இருந்தாலும் உடம்பு எரிந்து விழும். அந்தச் சுத்திகரிப்பை இந்தக் கரையிலேயே செய்ய முடிந்தால்தான் மூழ்கிப் பாசி எடுக்கிற பெண்ணுக்கும் நாலு காசு கூடுதலாகப் போகும். இது என் ஆசை.

ஓய்வுபெற்ற லஸ்கர் | செவ்வாய், மாலை 5:40

31 வருஷம் வெண்ணாற்றுப் பிரிவில் மதகு திறந்து மூடியவன். படிப்பு அதிகம் இல்லை. பேத்தி வாசித்துக் காட்ட, சொல்லச் சொல்ல அவள்தான் தட்டச்சு செய்கிறாள்.

எனக்கு ஒன்று புரியவில்லை பாப்பா. மேட்டூரில் ஜூன் 12 திறந்தாலும் தலைமடைக்காரன் வயல் வழிகிறபோது தலைஞாயிறு, வேதாரண்யம் கடைமடையில் வெடித்துக் கிடக்கும். ஆறு பெரியது, தண்ணீரும் இருக்கிறது, ஆனாலும் போய்ச் சேராது. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை, கிளையிலிருந்து வயல் மடை என்று கடைசி வரப்புவரைக்கும் வழி இருந்தால்தான் பயிர். நீ அடுக்கடுக்காகச் செல்லை அடுக்குகிறாய். ஓரத்தில் இருப்பது சத்து நீரைக் குடித்துவிடும். நடுவில் இருப்பதற்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பது? கொடுத்தாலும், கழிவு வெளியேற வடிகால் எங்கே? பாசனத்தை மட்டும் பார்த்து வடிகாலை மறந்தால் நின்ற தண்ணீரிலேயே பயிர் அழுகிப்போகும். நான் பார்த்திருக்கிறேன்.

வெண்ணாற்றங்கரை | செவ்வாய், இரவு 9:30

ஐயா, உலகம் முழுக்க இந்தத் துறையில் இருப்பவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது நீங்கள் கேட்ட இந்த ஒரு கேள்விக்குத்தான்.

ரத்தக் குழாயிலிருந்து பிராணவாயு ஊறிப்போகும் தூரம் கால் மில்லிமீட்டர்கூடக் கிடையாது. நம் உடம்பில் அநேகமாக எந்தச் செல்லும் அதைவிட எட்டத்தில் இல்லை. அதனால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாகக் கல்லீரலையோ இதயத் தசையையோ அச்சடித்தால் நடு செல் சில மணி நேரத்தில் மூச்சுத் திணறும். 2019-இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் தால் திவிர் குழு நோயாளியின் கொழுப்புத் திசுவை வைத்தே முயல் இதயம் அளவுக்கு ஒரு இதயத்தை அச்சடித்தது. செய்தியெல்லாம் வந்தது. ஆனால் அந்தச் செல்கள் சுருங்குமே தவிர, ஒன்றுசேர்ந்து ரத்தத்தை இறைக்காது.

குருத்தெலும்பு மட்டும் விதிவிலக்கு. அதில் ரத்தக் குழாயே கிடையாது! வாய்க்கால் பாசனம் இல்லாத நிலம் அது. மூட்டுத் திரவம் ஊறித்தான் பிழைக்கிறது. நடக்கும்போது அழுந்திப் பிழியப்படும், காலைத் தூக்கும்போது பஞ்சு மாதிரி உறிஞ்சும். கருவிழியும் அப்படித்தான், பிராணவாயுவைக் காற்றிலிருந்தே வாங்கிக்கொள்ளும். அதனால்தான் அச்சுத் திசுவில் முதலில் முன்னேறியவற்றில் இந்த இரண்டும் உண்டு. ஹைதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம், ஐஐடி, செல் உயிரியல் ஆய்வு மையமான சிசிஎம்பி மூன்றும் சேர்ந்து, மனிதக் கருவிழியிலிருந்து செல்லை நீக்கிய பொருளையே உயிர்மையாக்கிக் கருவிழி அச்சடித்து, 2022-இல் முயலின் கண்ணில் வைத்தார்கள்.

ஆனால் ரத்தம் வராத அதே காரணத்தால்தான் தேய்ந்த குருத்தெலும்பு தானாக ஆறுவதும் இல்லை.

சுவாமிமலை வார்ப்பு | புதன், காலை 6:10

லஸ்கர் ஐயா சொன்னதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. வழி முதலிலேயே இருக்க வேண்டும் என்றால், எங்கள் தொழில்போல் செய்ய முடியாதா? தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருவம் செய்வோம். அதன்மேல் காவிரி வண்டலை வெண்ணெய்போல அரைத்து முதல் பூச்சு. மெழுகில் விரல்ரேகை இருந்தால்கூட மண்ணில் பதிந்துவிடும். காய்ந்தபின் சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும், உள்ளே மெழுகு இருந்த இடம் வெற்றிடமாக நிற்கும். உலோகம் இறங்க ஒரு வழி, காற்று வெளியேற ஒரு வழி, இரண்டையும் மெழுகுக் குச்சியாக முன்பே ஒட்டிவிடுவோம். இரண்டில் ஒன்று அடைத்தாலும் வார்ப்பு குறையாகப் போகும்.

வெண்ணாற்றங்கரை | புதன், காலை 7:30

அண்ணே, அப்படியேதான் செய்கிறார்கள். 2012-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோர்டன் மில்லர் முதலானோர் மெழுகுக்குப் பதில் சர்க்கரைப் பாகை வைத்தார்கள். பாகைக் கம்பிக் கம்பியாக இழுத்து, கண்ணாடிபோல் இறுகிய வலையாக அச்சடித்து, அதைச் சுற்றிச் செல் கலந்த கூழை ஊற்றி இறுகவைத்தார்கள். பிறகு சத்து நீர் பட்டதும் சர்க்கரை கரைந்து போய்விட்டது, வலை இருந்த இடமெல்லாம் குழாய். அதில் ரத்தத்தையே ஓட்டிக் காட்டினார்கள். உருகிப்போகிற ஜெலட்டினை வைத்தும் இதைச் செய்யலாம், 37 டிகிரியில் தானாக ஓடிவிடும்.

2019-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் அதே மில்லரின் குழு, மூச்சு வாங்குகிற நுரையீரல் பை மாதிரி ஒன்றைச் செய்தது. ஒளியால் இறுகும் கூழில் ஒளி தேவையில்லாத ஆழத்துக்குப் போகாமல் தடுக்க அவர்கள் கலந்தது டார்ட்ரசின். இனிப்பில் போடும் மஞ்சள் கலர்ப்பொடி. அதைப் படித்த அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

பாபநாசம்–ஓசூர் | புதன், இரவு 10:00

நான் உலோகப் பாகங்கள் அச்சடிக்கும் தொழிற்சாலையில் இருக்கிறேன். எல்லாரும் சேர்ந்து அந்த அண்ணனின் நம்பிக்கையைக் குறைப்பதுபோல் எனக்குப் படுகிறது. 2022-இல் அமெரிக்காவில் பிறவியிலேயே ஒரு காது சரியாக உருவாகாத 20 வயதுப் பெண்ணுக்கு அவருடைய செல்லைக் கொண்டே அச்சடித்த காதை வைத்தார்கள். இத்தனை வேகமாகப் போகிற துறையில், அம்மா மூன்று நாலு வருஷம் பொறுத்தால் என்ன?

வெண்ணாற்றங்கரை | வியாழன், காலை 7:00

அண்ணா, நம்பிக்கை எனக்கும் உண்டு, இல்லாவிட்டால் ராத்திரி பதினொரு மணிக்குச் செல்லுக்கு நீர் மாற்றப் போக மாட்டேன். ஆனால் காது உருவத்துக்கு நிற்க வேண்டும். முழங்கால் குருத்தெலும்பு ஒவ்வோர் அடிக்கும் உடம்பு எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கைத் தாங்க வேண்டும். அதன் நார்கள் மேலே படுக்கையாக, நடுவில் கலைந்து, அடியில் எலும்புக்குள் செங்குத்தாக வேரூன்றி நிற்கும். அந்த அமைப்பை இதுவரை யாரும் முழுசாகக் கொண்டுவரவில்லை.

இரண்டாவது, அம்மாவின் முட்டி. விளையாடும்போது அடிபட்டு ஓர் இடத்தில் மட்டும் பெயர்ந்த இளவயது முட்டிக்குத்தான் செல் வைத்து ஒட்டுகிற சிகிச்சையே பொருந்தும். ஸ்வீடனில் முதலில் 23 பேருக்குச் செய்து 1994-இல் வெளியிட்டதும் அப்படிப்பட்ட குறைகளுக்குத்தான். வயதில் வரும் தேய்மானம் மூட்டு முழுக்கப் பரவிய நோய். அடி எலும்பு, உறை, திரவம் எல்லாமே மாறியிருக்கும், உள்ளே அழற்சி ஓடிக்கொண்டிருக்கும். 2018 கஜாவில் கடல்நீர் ஏறிய வயலில் மறுநாளே நல்ல நாற்றைக் கொண்டுபோய் நட்டால் பிடிக்குமா? நாற்றில் குறை இல்லை. மண் முதலில் ஆற வேண்டும்.

அச்சுத் திசு உடனே பலன் தரப்போகிற இடம் வேறு. மருந்துச் சோதனை. அமெரிக்காவில் 2022 கடைசியில் வந்த சட்டம் விலங்குச் சோதனைக்கு மாற்றாக உயிரச்சையும், அதாவது இப்படிச் செல்லை வைத்து அச்சடிப்பதையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. நம் நாட்டிலும் 2023-இல் விதியைத் திருத்தி, மனிதச் செல்லில் வளர்த்த மாதிரித் திசுக்களுக்கு இடம் கொடுத்தார்கள். அம்மாவின் முட்டிக்கு நல்ல மருந்து ஒன்று வந்தால், அது முதலில் இப்படி அச்சடித்த ஒரு துண்டில் சோதித்ததாக இருக்கலாம். அந்த வழியாக என் வேலை அவரிடம் போய்ச் சேர்ந்தாலும் எனக்குப் போதும்.

மன்னார்குடி பிசியோ | வியாழன், காலை 7:45

பொறுப்பதில் இன்னொரு நஷ்டம் இருக்கிறது தம்பி. வலிக்குப் பயந்து அம்மா உட்கார்ந்துவிட்டால் தொடைத் தசை மெலியும், மெலிந்தால் முட்டிக்குப் பாரம் கூடும். காலை நீட்டி உட்காரவைத்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடிக்கச் சொல்லுங்கள். பத்து தடவை, மூன்று வேளை. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முட்டியில் நாலு கிலோ குறையும். இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

தலைஞாயிறு மகன் | பத்து நாள் கழித்து, இரவு 8:20

கிளினிக்கில் பதிவு எண் கேட்டேன். டாக்டர் ஊரில் இல்லை என்றார்கள், மறுநாளும் அதே பதில். பணம் கட்டவில்லை. சங்கிலி அம்மா கழுத்திலேயே இருக்கிறது.

அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். மூன்றாம் நிலைத் தேய்மானம், மூன்று மாதம் பயிற்சி, எடைக் குறைப்பு, மாத்திரை. அப்படியும் முடியாவிட்டால் மூட்டு மாற்று, அதைக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யலாம் என்றார் டாக்டர். துண்டு அழுத்தும் பயிற்சியை அம்மா விடாமல் செய்கிறார். நேற்று நிலைப்படியைப் பிடிக்காமல் இரண்டு அடி வைத்தார்.

இந்த இழை முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். பட்டு கரைவதையும் சர்க்கரை வலையையும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். கடைசியில் ஒன்று கேட்டார்: "அந்தப் பொண்ணு ஜவ்வைத் தண்ணியிலேயே போட்டு வச்சிருக்கே, மிதிபடாம அது எப்படிக் கெட்டிப்படும்? களத்தையே மிதிச்சு மிதிச்சுத்தானே கெட்டிப்படுத்துறோம்."

தங்கச்சி, அம்மாவுக்குப் பதில் சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை | மறுநாள், காலை 6:40

அம்மாவிடம் சொல்லுங்கள் அண்ணா, மிதிபடாமல் கெட்டிப்படாது. அவர் கேட்டது சரி. வளரும் துண்டை விநாடிக்கு ஒருமுறை, அதன் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு அழுந்தும்படி மெதுவாக மிதித்துக்கொடுக்கிற கருவியில் வைத்தால் செல்கள் கூடுதலாக நார் நூற்கும். எங்களிடம் அந்தக் கருவி இல்லை. அண்ணன் ஒருவர் சின்ன மோட்டார் வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

நேற்று என் துண்டுக்கு 21-ஆம் நாள். முதல் நாள் கண்ணாடிபோல் இருந்தது இப்போது தேங்காய் வழுக்கை மாதிரிப் பால் நிறம். மெல்லிசாகச் சீவி, குருத்தெலும்புப் பொருள் இருந்தால் நீலமாகிற சாயத்தில் தோய்த்து நுண்ணோக்கியில் பார்த்தேன். ஓரத்தில் நல்ல ஆழமான நீலம். உள்ளே போகப் போக வெளிறி, நடுவில் ஏறத்தாழ வெள்ளை. ரத்தக் குழாய் வேண்டாத திசுதான், ஆனாலும் எட்டு அடுக்கின் நடுவுக்கு நீர் போகவில்லை. லஸ்கர் ஐயா சொன்ன கடைமடை. அடுத்த அச்சில் கோடுகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டிப் போடப்போகிறேன்.

ஓய்வுபெற்ற லஸ்கர் | அன்று, மாலை 5:15

வாய்க்காலை அகலப்படுத்தினால் கரை மெலியும் பாப்பா. அளவு பார்த்துச் செய்.

வெண்ணாற்றங்கரை | அன்று, இரவு 11:25

ஆமாம் ஐயா. மூன்று இடைவெளியில் மூன்று துண்டு இப்போதுதான் போட்டு முடித்தேன். மூன்றையும் அழுத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.